ஐந்தாவது டின்

கன்னையா அண்ணனிடம் கடிகாரம் கிடையாது. ஒரு சுண்டப்பால் டின் இருந்தது. அதன் அடியில் ஆணியால் போட்ட ஒரு துளை. விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக் கூட்ஸ் ஷெட் ஓரத்துக் கம்பத்தில் மாட்டினால், கடைசிச் சொட்டு விழச் சரியாக மூன்று நிமிஷம் ஆகும். அந்த மூன்று நிமிஷம் சுலபமாகக் கிடைத்ததல்ல. முதல் டின்னில் துளை பெரிதாகிப்போய் இரண்டு நிமிஷத்தில் காலியானது. அடுத்ததில் துளை சிறிதாகிவிட்டது. நான்காவது டின்தான் ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒத்துப்போனது. அதைத் துணிப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார்.

குத்துச்சண்டையில் ஒரு ரவுண்டு மூன்று நிமிஷம். நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு. ஓய்வுக்கு அவர் வைத்திருந்த அளவு வேறு. காலியான டின்னைக் கழற்றிக்கொண்டு பொதுப் பைப்புக்குப் போய், நிரப்பி, துளையை விரலால் அடைத்தபடி திரும்பி வந்தால் ஒரு நிமிஷம். ஓடவும் கூடாது, நின்று பேசவும் கூடாது.

1933-ஆம் வருஷம் அது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஸ்டோரில் நான் சின்னக் குமாஸ்தா. திரி, மண்ணெண்ணெய், விளக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பது என் வேலை. வாங்கிப்போவது அவர் வேலை. அவர் விளக்குக்காரர். காலை ஏழரைக்கு எண்ணெய்க் கேனைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்டவாளத்தோடு நடக்கத் தொடங்குவார். ஒவ்வொரு கைகாட்டி மரத்திலும் ஏறி, விளக்குக் கண்ணாடியைத் துடைத்து, திரியைக் கத்தரித்து, எண்ணெய் ஊற்றிவிட்டு இறங்கி அடுத்த மரத்துக்குப் போவார். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் பேச ஆள் இருக்காது. மேலே ஏறினால் காற்று மட்டும்.

குடியிருப்பில் என்னுடையது கடைசி அறை. ஜன்னலைத் திறந்தால் கூட்ஸ் ஷெட்டின் சுண்ணாம்புச் சுவர். காலையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பேன். ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் எழுந்த நாட்கள் உண்டு.

அவர் கணக்கு ஐந்து டின், அதாவது ஐந்து ரவுண்டு. குறையாது, கூடாது. பார்க்கிறவர்களுக்கு ஒரு ஆள் வெறும் காற்றில் கையை வீசிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். ஒரு வாரம் பார்த்தால் ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு வேலை இருப்பது தெரியும்.

முதல் டின்னில் கை கிடையாது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு கால் மட்டும். முன்னே, பின்னே, இடம், வலம். முடிந்ததும் குனிந்து மண்ணில் விழுந்த தடத்தைப் பார்ப்பார். குதிகால் அழுந்தியிருந்தால் உச்சுக்கொட்டுவார்.

இரண்டாவது டின் இடது கைக்கு. நேராக நீட்ட வேண்டும், போன வழியிலேயே திரும்ப வேண்டும். "அடிச்ச கை வீட்டுக்கு வந்துரணும் தம்பி. வெளியிலயே நின்னா ஒதை வாங்கும்" என்று ஒருநாள் சொன்னார்.

மூன்றாவதில் அடியே இல்லை. யாரோ அடிக்கிறார்கள், இவர் தலையையும் தோளையும் விலக்கிக்கொண்டே இருக்கிறார், அவ்வளவுதான். நான்காவதில் எல்லாம் சேரும். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர்போல மெதுவாக. வேகத்தில் மறைந்துகொள்ளும் தப்பு மெதுவில் மாட்டிக்கொள்ளும் என்பது அவர் கட்சி.

ஐந்தாவது டின்னில்தான் எதிரி வருவான். அதுவரை எந்தப் பக்கமும் பார்த்து ஆடுகிறவர், ஐந்தாவதில் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்புவார். முதுகுக்குப் பின்னால் இளவெயில். சுவரில் அவர் உயரத்துக்கு ஒரு நிழல். இரண்டு பேரும் கையை உயர்த்துவார்கள். முதல் சொட்டு விழும்.

வானம் மூடிக்கொண்ட நாட்களில் நான்கு டின்னோடு நிறுத்திவிடுவார். அது ஏன் என்று நான் கேட்டதில்லை. நான் யாரிடமும் எதையும் சட்டென்று கேட்கிற ஆள் இல்லை.

கேட்கிறவர் ஒருவர் இருந்தார். ஆப்பம் விற்கும் பவுனம்மாள். விற்று முடித்துப் பாத்திரங்களைக் கழுவ அவர் பைப்படிக்கு வருவதும் அண்ணன் டின்னோடு வருவதும் ஒரே நேரம்.

"ஏன்டா கன்னையா, ஒரு பால் டின்னு தண்ணிக்கு அஞ்சு தடவை நடக்குறியே. வாளியில புடிச்சு வச்சுக்கிட்டா என்ன, கொறஞ்சா போயிருவே?"

"நடக்கறதுதான்க்கா ஓய்வு."

"நடக்கறது ஓய்வாம். இவன் பொண்டாட்டி கட்டாததும் நல்லதுதான். அவ சமைச்சுக்கிட்டே தூங்கணும்."

அண்ணன் சிரிக்க மாட்டார். சிரித்தால் ஒரு நிமிஷம் தாண்டிவிடும். விரலால் துளையை அடைத்துக்கொண்டு நடப்பார். பாதி வழியில் தோள் குலுங்குவது மட்டும் எனக்குத் தெரியும்.

அவருக்கு ஒரு காலத்தில் எதிரில் நிற்க ஆள் இருந்தது. அய்யாவு. தண்டவாளக் கேங்கில் வேலை. இருவரும் ஒரே அறையில் நான்கு வருஷம் இருந்தவர்கள். துரைமார் கிளப்பில் கழித்துப்போட்ட ஒரு ஜோடி கிளவுஸை யாரோ கொடுக்க, அதை ஆளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்கள். கன்னையாவுக்கு வலது கை கிளவுஸ். அய்யாவுக்கு இடது. அதில் சண்டையே வரவில்லை, ஏனென்றால் அய்யாவு நொட்டாங்கைக்காரர். மண்வெட்டி பிடிப்பது, சீட்டுப் போடுவது, ஓங்கி அடிப்பது எல்லாம் இடது கையில். மற்ற கையில் துணியைச் சுற்றிக்கொள்வார்கள்.

பவுனம்மாளுக்கு அது மட்டும் பொறுக்காது. ஆப்பம் வாங்க அய்யாவு இடது கையை நீட்டினால் கூடையை மூடிவிடுவார்.

"சோத்தாங்கையை நீட்டுடா. இந்தக் கையில நான் சாகற வரைக்கும் குடுக்க மாட்டேன்."

"ரெண்டும் ஒரே ஒடம்புலதானேக்கா மொளைச்சிருக்கு?"

"மொளைச்ச எடமா முக்கியம்? போற எடம் முக்கியம்."

1931-இல் வேலை சுருங்கியது. கேங்குகளில் ஆள் குறைத்தார்கள். வேலை போனவர்களுக்கு ஊருக்குத் திரும்பக் கப்பல் இலவசம் என்றார்கள். அய்யாவு பேர் பட்டியலில் இருந்தது, கன்னையா பேர் இல்லை. ரயில் எத்தனை குறைந்தாலும் விளக்கு எரிய வேண்டுமே. போவதற்கு முதல் நாள் அய்யாவு இடது கை கிளவுஸைக் கழற்றிக் கொடுத்தார். ஜோடி கிளவுஸ் முழுதாக ஒருவரிடம் சேர்ந்தது அன்றுதான்.

மறுநாள் கப்பலேறப் போகிறவர்களோடு போர்ட் ஸ்வெட்டன்ஹாம் ரயில் கிளம்பியபோது அண்ணனுக்கு வேலை நேரம். கிள்ளான் பாதையில் ஒரு கைகாட்டி மரத்தின் மேல் இருந்தார். கீழே ரயில் போனது. முகம் எதுவும் அடையாளம் தெரியவில்லையாம். ஒரு ஜன்னலிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டு ஆடியது. "நொட்டாங்கை தம்பி. அதான் தெரிஞ்சுது" என்றார்.

இதையெல்லாம் அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. எண்ணெய் வாங்க வரும்போது ஒரு வாக்கியம், திரி வாங்க வரும்போது ஒரு வாக்கியம் என்று சேர்ந்தது.

செந்தூலில் ஒர்க்‌ஷாப் ஆட்கள் ஒரு பாக்சிங் கிளப் வைத்திருந்தார்கள். பலகைக் கொட்டகை, நாலு மூலையில் முளையடித்துக் கயிறு, அவ்வளவுதான். புதிதாகச் சேருகிறவன் கிளப் ஆள் ஒருவனோடு மூன்று ரவுண்டு நின்று காட்ட வேண்டும். நின்றால் பெயரைச் சேர்த்துக்கொண்டு, தினமும் பழக ஒரு ஜோடி ஆளும் கொடுப்பார்கள். இரண்டு தடவை தோற்றால் மறுபடி கேட்க முடியாது.

"எதுக்கு அண்ணே அங்க?" என்று கேட்டேன். அபூர்வமாக நான் கேட்ட கேள்வி.

அவர் எண்ணெய்க் கேனின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "ரெண்டு வருஷமா என்னை ஒருத்தனும் அடிக்கல தம்பி."

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தேன்.

"அடிக்கறதைத் தனியாப் பழகிக்கலாம். அடி வாங்கறதுக்கு இன்னொரு ஆளு வேணும்ல? அந்த ஜோடி ஆளு கெடைச்சாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்." மூடியைத் திருகி முடித்துவிட்டு, "மூலையில துண்டு புடிக்க ஒருத்தர் வரணுமாம். நீங்க வரீங்களா?" என்றார்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். கிளப்பை நடத்தியவர் பாலன், எஞ்சின் பழுதுபார்க்கும் பிட்டர். கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும் மனிதர். கன்னையாவை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தனை வருஷமா ஆடுறே?"

"ஆறு வருஷம் அண்ணே."

"யாரோட?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "நாலு வருஷம் ஒரு ஆளோட. ரெண்டு வருஷம் தனியா."

கயிற்றுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எதிரில் இறங்கியவர் கார்த்திகேசு. யாழ்ப்பாணத்துத் தலைமைக் குமாஸ்தா ஒருவரின் மகன். இருபத்திரண்டு வயது, வெள்ளைக் கால்சட்டை, எண்ணெய் வைத்து வழித்த தலை. கிளவுஸ் போட்ட கையால் எங்களுக்கு வணக்கம் வைத்தார்.

மணி அடித்தது. முதல் அரை நிமிஷம் பெஞ்சில் சத்தமே இல்லை. அண்ணனின் கால் அவ்வளவு லேசாகப் போனது. இடது கை நீண்டு, போன வழியே வீட்டுக்கு வந்தது. இரண்டு தடவை கார்த்திகேசுவின் மூக்கில் பட்டது. "அடேயப்பா" என்று யாரோ சொன்னார்கள்.

பிறகு கார்த்திகேசு வலது கையை ஓங்கினார். அண்ணன் இடது பக்கம் ஒரு அடி விலகினார். விலகிய இடத்தில் அந்த வலது கை இருந்தது.

விழுந்தார். எழுந்தார். கார்த்திகேசு மறுபடி ஓங்கினார், அண்ணன் மறுபடி இடது பக்கமே ஓர் அடி. குனியத் தெரிந்த மனிதர் ஒருவர் தன் வீட்டு நிலைப்படியிலேயே தலையை இடித்துக்கொள்வதுபோல இருந்தது.

"கைகாட்டி மரம் சாஞ்சிருச்சு லா!"

"ட்ரெயினை நிறுத்துங்கடா, விளக்குக்காரரு தண்டவாளத்துல படுத்திருக்காரு!"

இரண்டாவது ரவுண்டின் நடுவில் பாலன் கயிற்றுக்குள் வந்து கையைக் காட்டி நிறுத்தினார். கார்த்திகேசு ஓடி வந்து அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, கடுமையாப் பட்டிட்டுதோ? குறை நினையாதையுங்கோ. நீங்களா வந்து வந்து என்ரை கையிலை விழுறியள், நான் என்ன செய்ய?"

பாலனும் அதையே சொன்னார். "காலு நல்லாருக்கு. கையும் நல்லாருக்கு. ஆனா நீயாப் போயி அவன் வலது கையில முட்டிக்கறே. ஏன்னு எனக்கு வெளங்கல. அடுத்த மாசம் கடைசி ஞாயிறு இன்னொரு தடவை வா. அதுலயும் நிக்கலேன்னா அப்புறம் வராதே. கோவிச்சுக்காதே, கிளப்போட சட்டம் அப்படி."

தண்டவாள ஓரமாகவே நடந்து திரும்பினோம். அவர் நடையில் ஒரு குறையும் இல்லை. உதடு மட்டும் வீங்கியிருந்தது. பாதி வழியில், "நல்ல அடி தம்பி" என்றார். பாராட்டுவதுபோலச் சொன்னார்.

மறுநாள் காலை பைப்படியில் பவுனம்மாள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"யாருடா மொகத்துல ஆப்பம் ஊத்துனது? ஓரம் மொறுமொறுன்னு செவந்திருக்கு."

அன்றும் ஐந்து டின். நாலு முடிந்து ஐந்தாவதை மாட்டிவிட்டு அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பினார். பவுனம்மாள் கழுவிய பாத்திரங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிற வழியில் நின்றுவிட்டார். அவர் அப்படி நின்று பார்த்தது அதற்கு முன் இல்லை. முகத்தில் பட்ட அடி அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

"ஏ கன்னையா."

அவர் நிறுத்தவில்லை.

"ஏ கன்னையா, சொவத்துல நிக்கிறவனும் நொட்டாங்கையா?"

கை அந்தரத்தில் நின்றது.

"பாரேன். நீ சோத்தாங்கையை ஓங்குனா அவன் நொட்டாங்கையை ஓங்குறான். அச்சு அய்யாவு நிக்கிற மாதிரியே இருக்கு." பாத்திரத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அண்ணன் மெதுவாக வலது கையை உயர்த்தினார். சுவரிலும் அதே பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. சுவரில் இருப்பது வெறும் நிழல் என்றால் அது வலது கை. நம்மைப் பார்த்து நிற்கும் ஓர் ஆள் என்று எடுத்துக்கொண்டால் அது அவனுடைய இடது கை. ஜன்னலில் உட்கார்ந்து ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

இடது கையில் ஓங்குகிறவனிடமிருந்து தப்ப நம் இடது பக்கம் விலக வேண்டும். அய்யாவோடு நான்கு வருஷம் அப்படி விலகினார். பிறகு சுவரோடு இரண்டு வருஷம். வலது கைக்காரனிடம் அதே அடி எடுத்து வைத்தால் நேராக அவன் கைக்குள்ளேயே போய் நிற்கும்.

டின்னில் தண்ணீர் இன்னும் இருந்தது. அவர் அதைக் கழற்றி மண்ணில் கொட்டினார்.

சாயங்காலம் கேனைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அவராகவே பேசினார். "தெரியாம இல்ல தம்பி. சொவர்ல யாரு நிக்கறான்னு எனக்கு முதல் நாளே தெரியும். அவன் போன மறுநாள் சும்மா கையைத் தூக்கிப் பார்த்தேன். அங்க நின்னான். அதுக்காகத்தான் அஞ்சாவது டின்னே வச்சேன்." குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். "அது காலுக்குள்ள போயி உக்காந்துக்கும்னு தெரியல."

கேனை வாங்கி வைத்தேன்.

அடுத்த இரண்டு நாள் நல்ல வெயில். இருந்தும் நான்கு டின்தான். மூன்றாம் நாள் ஐந்தாவது டின்னை மாட்டிவிட்டுச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார். கண்ணுக்கு நேராகச் சூரியன். எதிரில் சரளைக்கல், தண்டவாளம், அதற்கப்பால் காலியாக நின்ற இரண்டு கூட்ஸ் பெட்டி. தன் இடது காலுக்குப் பக்கத்தில் ஒரு காலி மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். இடது பக்கம் போனால் அதில் இடிக்க வேண்டும்.

முதல் நாள் பதினொரு தடவை இடித்தது. நான் எண்ணினேன்.

"காலங்காத்தால எவன்டா தகரத்தைப் போட்டு ஒதைக்கிறது? அம்மன் கோயில் திருவிழாவா?" என்றார் பவுனம்மாள்.

"இன்னும் மூணு வாரம்தான்க்கா."

"மூணு வாரத்துல தகரம் செத்துரும்."

இடிப்பது பதினொன்றிலிருந்து ஒன்பதாயிற்று, ஏழாயிற்று. ஆனால் சங்கடம் தகரத்தில் இல்லை. எதிரில் யாரும் வரவில்லை. சுவரில் ஒரு ஆளைப் பார்த்துப் பழகிய கண் வெறும் வெளியைப் பார்த்துத் தடுமாறியது. இரண்டு அடி போடுவார், நிறுத்துவார், யாரையோ தேடுவதுபோலப் பார்ப்பார்.

"கார்த்திகேசுவைக் கொண்டாந்து நிறுத்திப் பார்த்தேன் தம்பி. மொகமே சரியா ஞாபகம் வரல. பாலனை நிறுத்தினேன். பேச ஆரம்பிச்சுட்டாரு. கொஞ்ச நேரம் ஆனா எல்லாரும் நொட்டாங்கையை ஓங்குறாங்க."

"மொகம் எதுக்கு அண்ணே? வலது கை மட்டும் போதுமே" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. எதையோ விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டவனைப் பார்ப்பதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்தாவது டின் வேறு மாதிரி ஆனது. முகமில்லாத ஓர் ஆள், பெயர் இல்லாத ஆள், ஒரு வலது கை மட்டும். அது வரும்போதெல்லாம் அவர் வலது பக்கம் விலகினார். முதலில் மெதுவாக, நான்காவது டின்னின் வேகத்தில். பிறகு வருகிற கையின் வேகத்தில். பின்னால் சுவரில் நிழல் இருந்தது. அதுவும் கையை வீசிக்கொண்டிருந்தது, அவர் முதுகைப் பார்த்தபடி. அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தது நான் ஒருவன்தான்.

இப்போது வானம் மூடிய நாளிலும் ஐந்து டின் ஆடினார். வெயிலால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை.

கடைசி ஞாயிற்றுக்கு நான்கு நாள் முன்பு தகரம் ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை. பவுனம்மாள் பைப்படியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். "என்னடா, ஒடம்பு சரியில்லையா?" என்றார்.

செந்தூல் கொட்டகையில் அன்று கூட்டம் அதிகம். விளக்குக்காரர் மறுபடி வருகிறார் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள்.

"எண்ணெய் ஊத்திட்டு வந்தீங்களா அண்ணே? போன தடவை சீக்கிரம் அணைஞ்சுட்டீங்க!"

கார்த்திகேசுவும் சிரித்தபடியேதான் வந்தார். "வாங்கோ அண்ணை."

மணி. இடது கை போய், வந்தது. கார்த்திகேசு காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். வலது கை கிளம்பியது. அண்ணன் வலது பக்கம் ஓர் அடி விலகினார். அந்தக் கை காற்றை அடித்துவிட்டுத் தடுமாறித் திரும்பியது. கார்த்திகேசுவின் புருவம் உயர்ந்தது. பெஞ்சில் இருந்த ஒருவர் வாயில் வைத்த சுருட்டை எடுத்தார்.

இரண்டாவது ரவுண்டு முடிந்து மூலைக்கு வந்தவருக்கு நான் துண்டு வீசினேன். அவசரத்தில் அவர் முகத்திலேயே இரண்டு தடவை துண்டு பட்டது. "நீங்களும் அடிக்க ஆரம்பிச்சுட்டீங்களா தம்பி?" என்றார் மூச்சுக்கு நடுவில்.

மூன்றாவது ரவுண்டில் களைப்பு வந்தது. களைத்த காலுக்குப் பழைய வழிதான் தெரியும். இடது பாதம் தரையைத் தடவிக்கொண்டு இடது பக்கம் போக ஆரம்பித்ததைப் பார்த்தேன். பாதம் பாதியில் நின்று திரும்பியது. அதற்குள் வலது கை வந்துவிட்டது. தோளில் பட்டது, தாடையில் அல்ல. ஆடினார். விழவில்லை. அவர் இடது கை நீண்டு, அடித்து, வீட்டுக்கு வந்தது. மணி அடிக்கும்போது நின்றுகொண்டிருந்தார்.

பாலன் வந்து அவர் கிளவுஸைக் கழற்ற உதவினார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துரு லா. இனிமே இவருதான் உன் ஜோடி." கார்த்திகேசுவைக் காட்டினார். அவர் மூக்கைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். "அண்ணை, இனி எனக்குத்தான் கஷ்டம்."

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "கிளப்புல நொட்டாங்கைக்காரன் யாராச்சும் இருக்காங்களாண்ணே?"

"ஒருத்தனும் இல்லை. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

மறுநாள் திங்கட்கிழமை. நல்ல வெயில். ஐந்து டின் முடிந்தது, ஐந்தாவதும் சுவருக்கு முதுகைக் காட்டித்தான். டின்னைக் கழற்றிப் பூட்டி வைக்க வேண்டியவர், மறுபடி பைப்படிக்கு நடந்தார்.

"அஞ்சுதானேடா ஒனக்கு?" என்றார் பவுனம்மாள்.

"இன்னிக்கு ஒண்ணு கூட."

அறைக்குள் போய் கிளவுஸ் ஜோடியை எடுத்து வந்தார். நிழலோடு ஆடும்போது அவர் கிளவுஸ் போட்டு நான் பார்த்ததில்லை. இடது கை கிளவுஸை அடுக்கி வைத்திருந்த தண்டவாளச் சிலிப்பர் கட்டைகளின் மேல் வைத்தார். வலது கையில் மட்டும் மாட்டிக்கொண்டார். தகரத்தைக் காலால் ஓரமாகத் தள்ளி, டின்னை மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பினார்.

நிழல் இருந்தது. அவர் கையைத் தூக்க அதுவும் தூக்கியது. அவர் வலது கையை வீசினார். சுவரில் இடது கை ஓங்கி வந்தது. விலகினார். வலது பக்கம்.

நின்றார். மறுபடி. வலது பக்கமே.

மூன்றாவது தடவை காலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, அது யாருடைய காலோ என்பதுபோல, இடது பக்கம் எடுத்து வைத்தார். நிழலும் எடுத்து வைத்தது. பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, முதுகுதான் தெரிந்தது. கையைத் தொங்கவிட்டார். சுவரில் இருந்ததும் தொங்கவிட்டது. டின்னில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அது சொட்டி முடியும் வரை அப்படியே நின்றார். மூன்று நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்று தெரிந்தது.

பவுனம்மாள் பைப்படியிலிருந்து வந்தார். கூடையில் விற்காமல் மிஞ்சிய ஓர் ஆப்பம் இருந்தது. "இந்தா" என்று நீட்டினார்.

அண்ணன் திரும்பினார். வலது கையில் கிளவுஸ். கழற்ற நினைக்காமலே, இடது கையை நீட்டினார்.

பவுனம்மாளின் கை அப்படியே நின்றது. அவர் பார்வை அந்தக் கையிலிருந்து சிலிப்பர் கட்டையின் மேல் கிடந்த கிளவுஸுக்குப் போய்த் திரும்பியது. பிறகு ஆப்பத்தை அந்த இடது கையிலேயே வைத்தார். காலிக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணன் நின்றபடியே அதைத் தின்றார். ஏழரை ஆகியிருந்தது. எண்ணெய் எழுதிக் கொடுக்க நான் ஸ்டோருக்குக் கிளம்பினேன்.